வெள்ளி இரவும் நான் வெட்டிய வரியும்

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் இருமல் குறைந்துவிட்டது. பின்பக்கக் கூரை இன்னும் ஒழுகுகிறது. நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள், இந்தக் கடிதம் அதற்காக எழுதப்படவில்லை. உன் கலியாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நிக்காஹ் நடந்து காவின் எழுதி முடிந்ததும் நம் ஊர் வழக்கப்படி நீ உடுப்புப் பெட்டியோடு உன் மாமனார் ஹாஜியார் வீட்டுக்குப் போய்விடுவாய், அதற்குப் பிறகு அதுதான் உன் வீடு. மகன் போகிற வீட்டைப் பற்றி வாப்பாவுக்கு ஏதும் சொல்ல இருந்தால் அவன் படியேறுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சொல்ல இருக்கிறது. அது அந்த வீட்டைவிட என்னைப் பற்றியது. நான் விட்ட ஒரு பிழையால் ஒரு பிள்ளையின் வேலை போனது. அப்போது நான் வாயைத் திறக்காததால்தான் உன் கலியாணப் பேச்சு தடங்கல் இல்லாமல் நடந்தது. இரண்டும் உனக்குத் தெரியாது.

உனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்தே எழுதப் போகிறேன். பொறுமையாக வாசி. பாதி தெரிந்தவன்தானே என்று பாதியை விட்டுவிட்டு எழுதினால் என்ன நடக்கும் என்று பட்டுத் தெரிந்தவன் நான். அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்துவிட்டுத் தொண்ணூற்றேழில் ஓய்வு பெற்றேன். முதல் மாதமே உம்மாவின் அடுப்படியில் போய் உப்புப் போத்தல் எங்கே இருக்க வேண்டும் என்று சட்டம் பேசத் தொடங்கிவிட்டேன். என் தொல்லை தாங்காமல் அவ இரண்டு நேரம் துஆக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கிழமையே ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். “காக்கா, உங்கட இங்கிலீசு வீட்டுக்குள்ள சும்மா கிடக்கு. நம்மட கொம்பியூட்டர் கந்தோருக்கு ஒருக்கா வந்து பாருங்க” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் இங்கிலீஷில் எனக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நீ எழுதிய கட்டுரைகளைச் சிவப்புப் பேனையால் வெட்டி வெட்டி உன்னை அழ வைத்தது அந்தப் பெருமைதான். அதற்கு இப்போதாவது மன்னித்துக்கொள்.

கல்முனை பிரதான வீதியில் புடவைக்கடைக்கு மேல் மாடியில் மூன்று கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், அதுதான் கந்தோர். கரண்ட் போனால் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடுவோம். அங்கே இருந்த ஒரே புரோகிராமர் சிவநேசன். காரைதீவுத் தமிழ்ப் பிள்ளை, உன் வயதுதான். சைக்கிளில் வந்து, சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏறி, சேர்ட்டெல்லாம் நனைந்து எட்டரைக்கெல்லாம் கதிரையில் இருப்பான். அவன் செய்து வைத்திருந்தது முழுப் புரோகிராம் அல்ல, வேறு ஆட்கள் தங்கள் புரோகிராமுக்குள் சேர்த்துக்கொள்ளும் துண்டுகள். இந்த இங்கிலீஷ் திகதிக்கு ஹிஜ்ரித் திகதி என்ன, இந்த ஊரில் மஃரிபுத் தொழுகை எத்தனை மணிக்கு என்று கொழும்பில் ஒருவனின் புரோகிராம் கூப்பிட்டுக் கேட்டால் அவை பதில் சொல்லும். அப்படிக் கூப்பிடும் முறைக்கு ஏபிஐ என்று பெயராம். ஒவ்வொரு துண்டும் ஒரு பங்ஷனாம். நமக்குப் பங்ஷன் என்றால் பிரியாணிச் சட்டிதானே. முதல் நாள் அவன், “மொத்தம் பதினொரு பங்ஷன் இருக்கு சேர்” என்றபோது யார் யாருடைய வீட்டில் என்று கேட்டுவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்து நான்தான் சிரித்தேன்.

அந்தப் பதினொன்றையும் எப்படிக் கூப்பிடுவது என்று முன்பின் தெரியாத புரோகிராமர்களுக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பது என் வேலை. எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. முதல் பங்ஷனுக்கு மூன்று பக்கம் எழுதினேன். கச்சேரியில் மேலிடத்துக்கு எழுதிப் பழகிய கை. பணிவுடன் அறியத் தருவது, மேற்படி விடயம் தொடர்பாக, தயவுகூர்ந்து கவனத்திற் கொள்ளப்படும் என்று மாலை மரியாதையோடு போனது. சிவநேசன் வாசித்துவிட்டுத் தாள்களை அடுக்கி என் முன்னால் வைத்தான். பிறகு, “சேர், நீங்க இப்ப கொழும்புல இரிக்கிறீங்க எண்டு வெச்சுக்கங்க. என்ன உங்களுக்குத் தெரியாது. போனும் வேல செய்யல்ல. கையில இந்தத் தாள் மட்டும்தான் கிடக்கு. இத வெச்சு அந்தப் பங்ஷனக் கூப்பிட ஏலுமா?” என்று கேட்டான். நான் என் மூன்று பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். நாளை முதலில் கொடுப்பதா மாதத்தை முதலில் கொடுப்பதா என்பதுகூட அதில் இல்லை.

அதிலிருந்து அவன் கேள்விகளைப் பிடித்துக்கொண்டேன். என்ன கொடுக்க வேண்டும், எந்த ஒழுங்கில், என்ன திரும்பி வரும், பிழையாகக் கொடுத்தால் என்ன வரும். ஒரு வசனம் எழுதுவதற்கு முன் அவன் பக்கத்தில் இருந்து அதை நானே தட்டிப் பார்ப்பேன். பெப்ரவரி முப்பது என்று கொடுத்தேன். மைனஸ் ஒன்று என்று வந்தது. பதின்மூன்றாம் மாதம் கொடுத்தேன், மைனஸ் இரண்டு. கோபப்படாமல், முகத்தைத் திருப்பாமல், பிழை எந்த வகை என்று ஒரு நம்பரில் சொல்லிவிடும் அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஹிஜ்ரி மாதத்தை எழுத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் கேட்ட நாளில் சிவநேசன் தலையைச் சொறிந்தான். “அத நான் யோசிக்கவே இல்ல சேர். நல்ல காலம் நீங்க புரோகிராமர் இல்ல” என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் இருந்து அந்த இடத்தைத் திருத்தினான். தெரியாதவன் கேட்கிற கேள்விக்குத்தான் அங்கே என்னை வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு விளங்கியது. ஐம்பத்தாறு வயதில் எனக்குத் தெரியாது என்று சொல்லச் சொல்ல மதிப்புக் கூடிய ஒரே இடம் அந்த மாடிதான். நான் சந்தோஷமாக இருந்தேன், மகன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் கதை பிழைத்துவிடும்.

இங்கே உன் கலியாணத்துக்கு ஆகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு வாய் வருமோ தெரியாது. நான் உம்மாவின் வீட்டுக்குப் போன புதிதில் சாப்பிட்டு முடியும்போது சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் ஒரு பிடி சோற்றை ஒதுக்கி வைப்பேன். எங்கள் வீட்டில் அதற்குச் சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்று என்று அர்த்தம். அவட வீட்டில் சாப்பாடு வாய்க்கு விளங்கவில்லை என்று அர்த்தமாம். நான் ஒதுக்கி வைத்துக் காத்திருக்க, அவ கோப்பையை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் அழுதிருக்கிறா. இப்படியே ஏழெட்டு மாதம். நான் அரை வயிற்றோடும் அவ முழுக் கவலையோடும் குடும்பம் நடத்தியிருக்கிறோம். ஹாஜியாரின் மகள் உன் வீட்டில் வளர்ந்த பிள்ளை இல்லை. வேண்டியதை வாய் திறந்து கேள். உனக்குப் பழகிப்போனது அவவுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திராதே.

ஒன்பதாவது பங்ஷனுக்கு வருகிறேன். அது ஹாஜியாரின் யோசனை. நம் ஆட்கள் மண்டபம் பதிய வந்தால் திகதி சொல்லமாட்டார்கள், வெள்ளி இரவு, திங்கள் இரவு என்றுதான் சொல்வார்கள். எந்தக் கிழமையின் இரவு என்று கொடுத்தால் அதற்குரிய இங்கிலீஷ் திகதியைத் திருப்பித் தருகிற பங்ஷன் ஒன்று வேண்டும் என்றார். நமக்கு நாள் மஃரிபோடு மாறிவிடுகிறது. ஆகவே வெள்ளி இரவு என்றால் வியாழக்கிழமை பொழுதுபட்ட பிறகு வருகிற இரவு. சிவநேசனுக்கு அது புதிது. யார் யாரிடமெல்லாமோ விசாரித்து, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தினாரிடமும் போய்க் கேட்டு, மிகச் சரியாகச் செய்தான். வெள்ளி இரவு என்று கொடுத்தால் வியாழக்கிழமையின் திகதி வரும். நானே தட்டிப் பார்த்தேன், வந்தது. இந்தப் பங்ஷன் வெள்ளி இரவின் திகதியைத் தரும் என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதி முடித்தேன். தாள் சிவநேசனிடம் போய்த் திரும்பி வந்தபோது பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்: “சேர், இது வியாழக்கிழமைத் திகதி எண்டு கட்டாயம் எழுதுங்க. வெளியாக்களுக்கு விளங்காது.” எனக்கு அது சுருக்கென்றது. காரைதீவுப் பிள்ளை எனக்கு வெள்ளி இரவு படிப்பிக்கிறானா என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை, அதைத்தான் நினைத்தேன். சிவப்புப் பேனையை எடுத்து அந்தப் பென்சில் வரியை வெட்டி, இது ஊருக்கே தெரிந்தது என்று பக்கத்தில் என் சுருக்கொப்பத்தையும் வைத்தேன்.

எட்டுப் பங்ஷனுக்கும் தெரியாதவனாக இருந்து நல்லபடி எழுதினேன். ஒன்பதாவதில் எல்லாம் தெரிந்தவனாகிவிட்டேன். சிவநேசன் அதைப் புதிதாகப் படித்தவன், ஆகவே சொல்லாவிட்டால் விளங்காது என்று அவனுக்குத் தெரிந்தது. இந்த வேலையில் நான் படித்ததிலேயே பெரிய பாடம் அதுதான், படித்தது காலம் கடந்த பிறகு.

கொழும்பில் மண்டபம் பதிகிற புரோகிராம் எழுதிய பொடியன்கள் நம் ஆட்கள் இல்லை. வெள்ளி இரவு என்று கேட்டால் வியாழன் வருவதைப் பார்த்து, கல்முனையில் எவனோ கணக்குப் பிழை விட்டிருக்கிறான் என்று முடிவு செய்து, தங்கள் பக்கத்தில் ஒரு நாளைக் கூட்டிவிட்டார்கள். என் தாளில் ஒரு சொல் இருந்திருந்தால் கூட்டியிருக்கமாட்டார்கள். அந்தப் புரோகிராமில் நம் ஆட்களில் ஒரு பெண்ணின் கலியாணத்துக்கு மண்டபம் பதியப் போனவர்கள் வெள்ளி இரவு என்று சொல்லியிருக்கிறார்கள், ரசீதில் வெள்ளிக்கிழமைத் திகதி விழுந்திருக்கிறது. வெள்ளி இரவு என்று சொல்லிவிட்ட பிறகு யார் நம்பரைப் பார்த்தது? வியாழன் மஃரிபுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டு வான்கள் வந்து நின்றபோது மண்டபம் பூட்டிக் கிடந்திருக்கிறது. பெண்ணின் வாப்பா ஒவ்வொரு வானிடமாகப் போய்க் குனிந்து விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றாராம். காவின் கடைசியில் பள்ளிவாசல் விறாந்தையில் எழுதப்பட்டது. மறுநாள் பொழுதுபட மண்டபத்தில் பூவெல்லாம் கட்டி லைட் போட்டு வைத்திருந்தார்கள், வர ஆள் இல்லை.

முறைப்பாடு கொழும்புக்கும் அங்கிருந்து ஹாஜியாருக்கும் வந்தது. உங்கள் பங்ஷன் பிழை, நாங்கள் திருத்தப் போய்த்தான் இவ்வளவும் என்று அவர்கள் கையைக் கழுவிவிட்டார்கள். ஹாஜியார் மாடிக்கு வந்தார். “நம்மட ராவப் பத்தி நம்மட ஆளில்லாதவனுக்கு என்ன தெரியும்? நான்தான் மடையன்” என்றார், சிவநேசனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. சிவநேசன் எழுந்து நின்றான். அவனும் என்னைத்தான் பார்த்தான். வெட்டிய தாள் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதற்கு மூன்று நாள் முன்புதான் ஹாஜியார் உன் குணங்களை எல்லாம் என்னிடம் விசாரித்துவிட்டு, தன் மகளுக்கு உன்னைக் கேட்கிற எண்ணத்தை ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். மகன், நான் அந்த இடத்தில் உன்னை நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. முழுதும் அப்படி இல்லை. முப்பத்திரண்டு வருடம் கிளாக்கர் பிழை விட்டதில்லை என்ற பெயரையும் நினைத்தேன். லாச்சியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். அடுத்த கிழமை சிவநேசனின் கதிரையில் வேறொரு பொடியன் இருந்தான்.

ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் சவளக்கடைப் பக்கம் வயலைப் பார்க்கப் போனேன். வரம்பில் மண்வெட்டியோடு நின்றவன் நிமிர்ந்தான், சிவநேசன். மச்சானின் வயலில் உதவிக்கு நிற்கிறானாம். கல்முனையில் எவரும் வேலை கொடுக்கவில்லை, பிழை விட்டவன் என்ற பேச்சு அவனுக்கு முன்னால் போய் நிற்கிறது. கொழும்பில் ஒரு கொம்பனி எடுக்கப் பார்க்கிறது, முன்பு வேலை செய்த இடத்தின் கடிதம் கேட்கிறது. “ஹாஜியாரிட்ட மூணு தரம் போனன் சேர். தரமாட்டன் எண்டுட்டார். நீங்க ஒருக்காக் கதைச்சா…” என்றான். அவன் அந்தத் தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னால்தான் பொறுக்க முடியவில்லை. “தம்பி, அண்டைக்கு அந்தத் தாள்…” என்று தொடங்கினேன்.

“ஓம் சேர். நீங்க வெட்டினத நான் பாத்தன்தானே” என்றான். “நீங்க சொல்லுவீங்க எண்டு ரெண்டு நாள் பாத்துக்கொண்டு இருந்தன். பிறகு, கலியாணப் பேச்சு நடக்கிறதாக் கேள்விப்பட்டன். சரி எண்டு விட்டுட்டன்.” குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பியிருப்பேன். வரம்பில் நின்றபடியே அழுதேன். அவன் மண்வெட்டியை வைத்துவிட்டு, கை கழுவி, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

உம்மாவிடம் சொன்னேன். “என்னட்டயும் ஒண்டர வருசம் மறைச்சிருக்கிறீங்க” என்றது மட்டும்தான். இரண்டு நாள் கழித்து என் வெள்ளைச் சேர்ட்டை ஸ்திரி போட்டு கதிரையில் வைத்துவிட்டுப் போனா. நேற்று அஸர் தொழுதுவிட்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். தாளை அவர் முன்னால் விரித்து, பென்சில் வரி யாருடையது, சிவப்புக் கோடு யாருடையது என்று காட்டினேன். அவனுக்கு ஒரு கடிதம் கொடுங்கள் என்றேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். முகம் கறுத்துப்போனது, பிறகு மெல்லச் சிரித்தார்.

“காக்கா, இத ஆருக்கும் தெரியாது. இதக் கிழிச்சுப் போடுவம், கலியாணம் நல்லா முடியட்டும்” என்றார். நான் தாளை மடித்து பைக்குள் வைத்தேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். “ஊருக்கு முன்னால ஒரு பொடியனத் துரத்தினவன் நான். இப்ப பிழை சம்மந்திட எண்டு சொல்லி அவனுக்குக் கடிதம் எழுதினா என்ட மரியாத என்னாகும்? மகனிட்ட நான் போன்ல கதைக்கிறன். வாப்பாக்கு வயசு போயிட்டு, பழசெல்லாம் மறந்துமாறிக் கதைக்கிறாரு எண்டு அவரு ஒரு சொல்லுச் சொல்லட்டும். அது போதும் எனக்கு. இந்தக் கதையையும் விட்டிருவன், கலியாணமும் நடக்கும்.” இல்லாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உள்ளே அந்தப் பிள்ளை தேத்தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டது. அது நல்ல பிள்ளை, மகன், இதில் அதற்கு ஒரு பங்கும் இல்லை.

இன்று காலை நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதி, என் முழுப் பெயரும் ஒப்பமும் வைத்து, சிவநேசன் கையில் கொடுத்துவிட்டேன். என்ன எழுதப்பட்டது, யார் சொன்னது, யார் வெட்டியது, அதனால் என்ன வந்தது. அரைப் பக்கம்தான். ஆனால் கொழும்பிலிருந்து இங்கே விசாரித்தால் ஹாஜியார் சொல்வதைத்தான் நம்புவார்கள், ஹாஜியார் சொல்லப்போவது நீ சொல்வதைப் பொறுத்தது. கலியாணம் நின்றால் நிறுத்தியவன் நான், உன் கோபம் எத்தனை வருடம் இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன். அந்தப் பிள்ளையை உனக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், போன கிழமை நீ பேசிய குரலிலேயே தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத இவ்வளவு நேரம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு, பகல் இரண்டு மணிக்கு, உன் கந்தோர் நம்பருக்கு அவர் போன் எடுப்பார். இந்தக் கடிதம் அதற்கு முன் உன் கைக்கு வந்துவிடும். என்ன சொல்ல வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித் தரமாட்டேன், அதைக் கேட்கிற தகுதியும் எனக்கு இல்லை. அவர் கேட்பது என்ன, நீ ஓம் என்றால் யாருக்கு என்ன ஆகும், இல்லை என்றால் யாருக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் விடாமல் எழுதியிருக்கிறேன். இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை, மகன்.

வாப்பா